லொறிக்குள் ஓர் உப்பளம்

கிணற்றடியையும் சமையற்கட்டையும் பற்றி எழுதிவரும் இப்பகுதியில் லொறிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். மன்னார்த் தீவில் வாழ்ந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். பேசாலையிலோ தலைமன்னாரிலோ ஒரு வீட்டு முற்றத்தில் பழைய லொறி ஒன்று நிற்குமானால் அது அவ்வீட்டின் வாகனம் மட்டுமன்று. உழைத்துக் கொடுக்கும் மூத்த பிள்ளையும் அதுவே. மீனும் கருவாடும் அதிலேறித்தான் கொழும்புச் சந்தையைக் காணுகின்றன. சின்னவனின் ரியூஷன் காசும் மூத்தவளின் கலியாணச் செலவும் அதன் எஞ்சினையே நம்பியிருக்கின்றன.

பழையதை விற்றுவிட்டுப் புதியதை வாங்கலாமே என்பது சொல்வதற்கு எளிய பேச்சு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. வர்த்தக வாகனங்களுக்குப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே மறுபடி வழி திறந்தது. இடையில் 2022 இல் ரூபாயின் பெறுமதி சரிந்த கதையை நாமெல்லோரும் பட்டு அறிந்திருக்கிறோம். ஆகவே முப்பது, நாற்பது வயது கடந்த லொறிகள் இன்றும் நம் தெருக்களில் பாரமிழுக்கின்றன. இக்கரையோரத்தில் அவற்றைக் கொல்வது வயதன்று, பாரமுமன்று. பெரும்பாலும் தண்ணீரே என்பது என் துணிபு. அதற்கு ஒரு காரணம் உண்டு.

என் மாமா ஒருவரிடம் பெட்போர்ட் லொறி ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் வொக்ஸ்ஹோல் கம்பனியார் 1931 முதல் லூட்டனிலும், பின்னர் டன்ஸ்டபிளிலும் செய்து உலகெங்கும் அனுப்பிய அந்த லொறி, ஒரு காலத்தில் இலங்கையில் மாட்டுவண்டியைப் போலவே எங்கும் காணப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் ஒரு நாள், மீனும் ஐஸுமாகப் பேசாலையிலிருந்து புறப்பட்ட மாமா மன்னார்ப் பட்டினத்தைத் தாண்டித் தாம்போதியில் ஏறினார். 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட இன்றைய பாலம் அன்று இல்லை. 1930 இல் அமைந்த பழைய பாலமே தீவையும் பெருநிலத்தையும் இணைத்திருந்தது. பாதி வழியில் லொறியின் முகத்திலிருந்து வெண்புகை எழுந்தது. றேடியேற்றரில் தண்ணீர் கொதித்துப் பொங்கி முக்காற் பங்கு வெளியே போய்விட்டது. கொண்டுபோன கானிலோ ஒரு துளியும் இல்லை. இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அத்தனையும் கடல்.

கிளீனர்ப் பையன் வாளியை எடுத்துக்கொண்டு, “அண்ணை, இதையே அள்ளி ஊத்துவமோ?” என்று கேட்டான்.

“பொறடா தம்பி, சூட்டோட ஊத்தினா எஞ்சின் வெடிச்சுப் போகும். ஆறட்டும், பிறகு ஊத்து. மீன் கெட்டா எல்லாம் போச்சு” என்றார் மாமா.

அவர் சொன்னவற்றுள் முதலாவது மிகச் சரி. கொதிக்கும் வார்ப்பிரும்பின் மேல் குளிர்ந்த நீர் பட்டால் அது சடுதியிற் சுருங்கி விரிவு காணும். அந்த விரிவு ஒன்றே ஒரு எஞ்சினின் ஆயுளை முடித்துவிடப் போதும். அரைமணி நேரம் காத்திருந்து, கடல் நீரை ஊற்றி, மதவாச்சி வரை ஓட்டி, மீனைக் கெடாமற் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதுவரை அவர் செய்ததில் நான் குறை காணமாட்டேன். ஆபத்துக்குப் பாவமில்லை. ஆனால் திரும்பி வந்ததும் அந்நீரை வடித்துக் கழுவியிருக்க வேண்டும். இன்றைக்கு நாளைக்கு என்று மூன்று மாதம் கழிந்தது. அதற்குள் செம்பாலும் பித்தளையாலும் ஆன றேடியேற்றரின் ஓரங்களிற் பச்சை பூத்தது. எஞ்சின் உடலின் துளைகளை மூடியிருக்கும் தகட்டு மூடிகள், கோர் பிளக் என்று கராஜ்காரர் சொல்பவை, ஒவ்வொன்றாக அரித்து ஒழுகின. ஈற்றில் ஹெட் காஸ்கற் போய், நீர் எண்ணெயோடு கலந்து, எஞ்சினைக் கழற்றியே ஆகவேண்டியதாயிற்று. மாமியின் காப்பு இரண்டு அடைவுக்குப் போயின. மீண்டு வந்தது ஒன்றுதான்.

கடல் நீரின் ஒவ்வொரு லீற்றரிலும் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. இருபது லீற்றர் கொள்ளும் குளிராக்கும் தொகுதி ஒன்றைக் கடல் நீரால் நிரப்பினால் 700 கிராம் உப்பை எஞ்சினுக்குள் இட்டதாகும். இரும்பும் செம்பும் ஈயப் பற்றாசும் ஒரே நீரில் தோய்ந்திருக்கும் இடத்தில் உப்புச் சேருமானால், அங்கே பற்றறியைப் போல ஒரு மின்னோட்டம் தானே எழுந்து, உலோகங்களுள் எளியதை வலியது தின்னத் தொடங்கும். கறள் என்று நாம் காண்பது அந்த விருந்தின் எச்சில்.

கடல் நீரை ஊற்றும் அளவுக்கு யாரும் அடிக்கடி போவதில்லை. நான் எழுத வந்தது அதைவிட அமைதியான ஒரு கேட்டைப் பற்றியது. புறப்படும் முன் அருகிலுள்ள கிணற்றில் ஒரு வாளி அள்ளி, றேடியேற்றரில் குறைந்திருப்பதை நிரப்பிவிட்டுப் போவது நம்மவரின் வழக்கம். அந்தக் கிணற்று நீரில் லீற்றருக்கு ஒரு கிராம் கரைபொருள் இருப்பதாக எடுத்துக்கொள்வோம்; நாக்குக்கு இலேசாக உவர்க்கும் அளவு அது. நாளொன்றுக்கு ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் போய், ஒரு லீற்றர் ஊற்றப்படுகிறது. ஆவி உப்பைத் தன்னோடு கொண்டுபோவதில்லை. ஓராண்டு முடிவில் 365 கிராம் எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிடும். இரண்டு ஆண்டில் மாமாவின் கடல் நீருக்குச் சமன். நீரைப் பாத்தியில் நிறுத்தி, ஆவியாக விட்டு, உப்பை வாருவது மன்னார் உப்பளத்தின் தொழில். அதையே நாம் லொறியின் வயிற்றுக்குள் செய்துகொண்டிருக்கிறோம். வாருவது ஒன்றைத்தான் செய்வதில்லை.

உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். நீர் வற்ற வற்ற முதலில் படிவது உப்பன்று, சுண்ணாம்பு. எஞ்சினிலும் அப்படியே. வன்னீரில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று, சூடு பட்டதும் கல்சியங் காபனேற்றாக மாறிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டுக் கேத்தலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிந்திருப்பதும் அதுதான். ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும்: அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் எதிரேயுள்ள பார்களில் விளைந்து, அரசர்களின் கழுத்தை அலங்கரித்த முத்தும் பெரும்பாலும் இதே பொருளே. சிப்பிக்குள் விளைந்தால் முத்து; லொறிக்குள் விளைந்தால் நட்டம்! இந்தப் படிவு இரும்பைவிட இருபது மடங்குக்கு மேல் மந்தமாகவே வெப்பத்தைக் கடத்தும். எனவே சுவரில் மெல்லிய தோல்போலப் படிந்தாலும் எஞ்சினின் சூடு நீரை வந்தடைய முடியாமல் உலோகத்திலேயே தேங்கும். றேடியேற்றரின் நுண்குழாய்களோ அதனால் அடைபட்டே போகும்.

மன்னார்த் தீவின் கிணறுகளை ஏன் இவ்வளவு ஐயத்தோடு பேசுகிறேன் என்றால், அவற்றின் நன்னீர் கடலின் மேல் மிதந்துகொண்டிருக்கும் நீர். மணலில் இறங்கும் மழை, உப்பு நீரைவிடப் பாரம் குறைந்ததாகையால் அதன் மேல் ஓர் ஆடைபோல நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி வரை அது அமிழ்ந்திருக்கும் என்பது, ஒல்லாந்தர் ஒருவரும் ஜெர்மானியர் ஒருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே கண்ட கணக்கு. மேலேயுள்ள ஓரடியைப் பம்பி வைத்து இழுத்துவிட்டால் கீழேயுள்ள உப்பு அதே கணக்கில் ஏறிவரும். ஆகவே மாரியில் இனித்த கிணறு ஆவணியில் உவர்ப்பதில் வியப்பில்லை. போன வருடம் நல்ல தண்ணீர் என்று சொன்ன கிணற்றை இவ்வருடமும் நம்புவது புத்தியன்று.

எந்த நீர் ஆகும் என்பதை அறிய ஆய்வுகூடம் வேண்டாம்; வீட்டுப் பெண்களைக் கேட்டாலே போதும். எந்தக் கிணற்று நீரில் பருப்பு வேகாது, எதில் சவர்க்காரம் நுரைக்காது என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஐயமிருந்தால் இரண்டு போத்தல்களில் ஒன்றில் மழை நீரும் மற்றதிற் கிணற்று நீரும் சம அளவாக எடுத்து, ஒரே அளவு சவர்க்காரச் சீவலை இட்டுக் குலுக்கிப் பாருங்கள். நுரைக்காமல் தயிர்போலத் திரையும் நீர் லொறிக்கு ஆகாது. நுரைத்தாலும் நாக்கில் உப்புத் தெரிந்தால் அதுவும் ஆகாது. கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளித்தெடுத்தால் சுண்ணாம்பின் ஒரு பகுதி அடியில் தங்கிவிடும். உப்பு மட்டும் அப்படிப் போகாது.

மிக நல்லது மழை நீர். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வாடைக்காற்றோடு வானம் அதை இலவசமாகத் தருகிறது. முதலிரண்டு மழையை விட்டுவிட வேண்டும், ஏனெனில் சோளகக் காற்று மாதக்கணக்காகக் கூரையிற் பூசிவைத்த கடலுப்பை அவைதாம் கழுவுகின்றன. அதன் பிறகு வருவதைத் துணியால் வடித்து மூடிவைக்கலாம். மழை நீர் இல்லாதவர்கள் பற்றறிக் கடையில் காய்ச்சி வடித்த நீரை வாங்கலாம். ஒன்றை மறவாதீர்கள்: அதே கடையில், அதே வடிவப் போத்தலில் பற்றறி அமிலமும் விற்பார்கள். பெயரை வாசியாமல் ஊற்றியவர் இருக்கிறார்.

இனிக் கழுவும் முறைக்கு வருவோம். இதனைக் காலை வேளையில், இரவு முழுதும் நின்று குளிர்ந்த எஞ்சினில் தொடங்க வேண்டும். சூடான றேடியேற்றரின் மூடியைத் திறப்பது தற்கொலைக்கு அடுத்த செயல். மூடி வெறும் மூடியன்று. உள்ளே அமுக்கத்தைக் காத்து நீரின் கொதிநிலையை உயர்த்துவது. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கம் தாங்கும் மூடியின் கீழ் நீர் ஏறத்தாழ 111 பாகை செல்சியசிலேதான் கொதிக்கும். அந்த மூடியைத் திடீரெனத் திறந்தால் அமுக்கம் நீங்கி, முழுவதும் ஒரே கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

லொறியைச் சமநிலத்தில் நிறுத்தி, அகன்ற தாச்சி அல்லது பாதியாக வெட்டிய பரல் ஒன்றைக் கீழே வைத்து, றேடியேற்றரின் அடியிலுள்ள சிறு பைப்பைத் திறவுங்கள். பலர் இவ்வளவோடு நிறுத்திவிடுகிறார்கள். எஞ்சின் உடலின் பக்கத்திலும் ஒரு வடிகால் உண்டு. அதனைத் திறவாவிட்டால் ஏறக்குறையப் பாதி நீர் உள்ளேயே நிற்கும். பழைய லொறிகளில் அதைத் திறந்தாலும் ஒன்றும் வராது. நீர் இல்லை என்று எண்ணிவிடாமல் ஒரு கம்பியால் துளையைக் குத்திப் பாருங்கள். முதலிற் சேறும் பிறகு செந்நீரும் வரும். வந்ததை அளந்துகொள்வது நல்லது. கைநூலிற் சொன்ன கொள்ளளவுக்கும் அளந்ததற்கும் உள்ள வித்தியாசமே உள்ளே கல்லாகவும் சேறாகவும் குடியிருப்பது.

வடிந்த நீரை என்ன செய்வது? இதைப் பற்றி எந்தக் கராஜிலும் யாரும் பேசுவதை நான் கேட்டதில்லை, ஆகவே சற்று நின்று சொல்கிறேன். லொறியில் முன்பு பச்சை அல்லது வேறு நிறக் கூலன்ற் இட்டிருந்தால் அதில் பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல் இருக்கும். அது இனிக்கும் நஞ்சு. நூறு மில்லிலீற்றர் அளவே வளர்ந்த ஒருவரின் உயிருக்கு ஆபத்து. குழந்தைக்குச் சில மிடறு போதும். முதலில் வெறிபோல மயக்கம் காட்டி, பின்னர் சிறுநீரகத்தை முறிப்பது அதன் குணம். மன்னாரில் ஆடும் நாயும் கழுதையும் தெருவிலேயே திரிகின்றன. கோடையில் அவற்றுக்குக் குடிநீர் அரிது. முற்றத்தில் இனிப்பான நீர் ஒரு தாச்சியில் நின்றால் அவை விட்டுவைக்குமா? மணலில் ஊற்றிவிடலாம் என்றும் எண்ணாதீர்கள். நம் மணலில் ஊற்றுவது நம் கிணற்றில் ஊற்றுவதற்குச் சமன். பழைய றேடியேற்றரின் சேற்றில் பற்றாசிலிருந்து வந்த ஈயமும் கலந்திருக்கும். வடித்தவுடன் கானில் அடைத்து, பெயரெழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, கழிவெண்ணெய் சேர்க்கும் கராஜ் ஏதேனும் ஏற்குமா என்று கேட்டறியுங்கள். சோடாப் போத்தலில் மட்டும் ஒருபோதும் அடைக்க வேண்டாம். பிள்ளை யாராவது மழலையோடு “நஞ்சு குடித்தேன்” என்று சொல்லிக்கொண்டு வராது. குடித்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மயக்கம் வரட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது.

அடுத்து, எஞ்சினின் தலைப்பக்கத்தில் இருக்கும் தேர்மோஸ்ரற்றைக் கழற்றுங்கள். குறித்த சூடு வரும்வரை நீரின் வழியை அடைத்திருக்கும் சிறு கதவு அது. நம் நாட்டுச் சூட்டுக்கு அது தேவையில்லை என்று சொல்லி எறிந்துவிடும் திருத்துநர்கள் பலர். நான் அதற்கு உடன்படேன். எஞ்சினுக்கு அதிக சூடு நோயென்றால் குறைந்த சூடும் நோயே; தேய்வு கூடும், எரிபொருள் வீணாகும். சில எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் நீரின் ஒரு பங்கு றேடியேற்றருக்குப் போகாமலே உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். சூடு கூடவே செய்யும். அது நல்லதா என்று அறிய, நூலில் கட்டிப் பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன்மேற் பொறித்த பாகையை அண்டித் திறந்து, ஆறியதும் மூடினால் நல்லது. அந்தப் பாத்திரம் பின்னர் சமையலுக்கு ஆகாது என்பதை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

மேல், கீழ் இறப்பர்க் குழாய்களையும் கழற்றிவிட்டுத் தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்ட வேண்டும். றேடியேற்றரில் நீர் வழக்கமாக மேலிருந்து கீழே போகும். கழுவும்போது கீழ்வாயில் குழாயை வைத்து மேலே வெளிவரச் செய்யுங்கள். எஞ்சினில் நீர் கீழிருந்து மேலே போகும். கழுவும்போது தேர்மோஸ்ரற் இருந்த வாயில் விட்டுக் கீழே வரச் செய்யுங்கள். போன வழியே துரத்தினால் அழுக்கு இன்னும் இறுகும். அமுக்கம் மெதுவாக இருக்கட்டும். முதிர்ந்த றேடியேற்றரின் பற்றாசு வாகனம் கழுவும் இடத்து விசைநீரைத் தாங்காது. இந்த முதற் கழுவலுக்குச் சாதாரண நீர் போதும். முருங்கன் பக்கத்திலிருந்து பட்டினத்துக்குக் குழாயில் வரும் நீரானால் நன்று.

நீர் தெளிந்து வந்தபின்னும் சுண்ணாம்பு போயிராது. அதற்குத் தேசிக்காயின் புளிப்பாகிய சித்திரிக் அமிலமே கைகண்ட மருந்து. குழாய்களை மீண்டும் பூட்டி, தேர்மோஸ்ரற்றை வெளியே வைத்தபடி, லீற்றருக்கு 25 கிராம் வீதம், இருபது லீற்றருக்கு அரைக்கிலோ, வெந்நீரிற் கரைத்து ஊற்றி, எஞ்சினை இருபது முப்பது நிமிடம் சூடாக ஓடவிட்டு, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் வடித்துவிடுங்கள். இரவு முழுதும் ஊறவிடலாம் என்ற பேராசை வேண்டாம். சுண்ணாம்பைத் தின்று முடித்த அமிலம் இரும்பைத் தின்னத் தொடங்கும். மலசலகூடம் கழுவும் ஐதரோகுளோரிக் அமிலத்தைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். வடித்தபின் நல்ல நீரால் கழுவி, ஒரு கைப்பிடி அப்பச் சோடா கரைத்த நீரால் எஞ்சிய புளிப்பை முறித்து, மீண்டும் இருமுறை கழுவுங்கள். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு மிதந்திருந்தால் அமிலத்துக்கு முன்னரே சலவைச் சோடா நீரால் ஒருமுறை கழுவ வேண்டும். அலுமினியப் பாகம் உள்ள எஞ்சினுக்கு அது கூடாது.

ஓர் எச்சரிக்கை. சில லொறிகளில் கறளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். கழுவியதும் நேற்றுவரை ஒழுகாதது இன்று ஒழுகும். கழுவியதால் கெட்டது என்று கழுவினவனை ஏசுவது நம் வழக்கம். அந்த ஓட்டை முன்னரே இருந்தது. மதவாச்சி வீதியின் நடுக்காட்டில் இரவில் தெரியவருவதிலும் முற்றத்தில் பகலில் தெரியவருவது மேல். அதை மஞ்சள் தூளையும் முட்டை வெள்ளையையும் ஊற்றி அடைக்க முயலாதீர்கள். அவை ஓட்டையை அடைப்பது உண்மைதான். ஓட்டை எது, நுண்குழாய் எது என்று அவற்றுக்குத் தெரியாது. பற்றாசு வைப்பவரிடம் கொண்டுபோவதே முறை.

கடைசிக் கழுவல் மட்டும் மழை நீராலோ காய்ச்சி வடித்த நீராலோ ஆகவேண்டும். எவ்வளவு வடித்தாலும் சில லீற்றர் உள்ளே நிற்கும். நிற்பது எந்த நீர் என்பதே கேள்வி.

இனி நிரப்புதல். வெறும் மழை நீர் போதாதா என்றால் போதாது. சுண்ணாம்பு படியாது, உண்மை. ஆயினும் கறளைத் தடுக்கும் மருந்து அதில் இல்லை. பனிக்கட்டி என்பதையே காணாத மன்னாரில் நீர் உறைவதைத் தடுப்பதற்காகக் கூலன்ற் வேண்டியதில்லை. அதிலுள்ள கறள்தடுப்பு மருந்துக்காகவே அது வேண்டும். செம்பு, பித்தளை, ஈயப் பற்றாசு கொண்ட பழைய றேடியேற்றருக்கு, பழைய முறையிலான, சிலிக்கேற்று முதலிய உப்புகள் சேர்த்த கூலன்ற் பொருத்தம். நீண்டகாலம் உழைக்கும் என்று விளம்பரப்படுத்தும் சேதன அமில வகைகள் புதிய அலுமினிய எஞ்சின்களை எண்ணிச் செய்யப்பட்டவை. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கம்பனிக்குக் கம்பனி நிறம் மாறும், போத்தலில் எழுதியிருப்பதை வாசியுங்கள். இரண்டு வகையைக் கலக்கவும் வேண்டாம். அளவு, மொத்தத்தில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமலும் பாதிக்கு மேற்படாமலும் இருக்கட்டும். கூடக் கூட நல்லது என்பது இங்கே பிழை, ஏனெனில் வெப்பத்தைச் சுமப்பதில் கிளைக்கோலைவிடத் தண்ணீரே வலியது.

எஞ்சினுக்குள் ஏற்கனவே நீர் நிற்பதால், முதலிற் கூலன்றை முழுதும் ஊற்றிவிட்டு அதன்மேல் நல்ல நீரால் நிரப்புவதே கணக்குத் தவறாத வழி. இருபது லீற்றர்த் தொகுதியானால் ஏழு லீற்றர் கூலன்ற் முதலில். கலந்தே விற்கும் வகையை வாங்கியிருந்தால் நீர் சேர்க்கக் கூடாது. முன்னரே உள்ளே நின்ற நீரை இயன்றவரை வடித்துவிட்டே அதை ஊற்ற வேண்டும். தேர்மோஸ்ரற்றைப் புதிய காஸ்கற்றோடு பூட்டி, லொறியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, மெல்ல மெல்ல ஊற்றுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் உள்ளே காற்றுச் சிறைப்படும். காற்று நிற்கும் இடத்தில் நீர் இல்லை, நீர் இல்லாத இடத்தில் இரும்பு வேகும். மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, கை காற்றாடியிற் படாமல் மேற்குழாயை இடையிடையே அமுக்குங்கள். குமிழிகள் வந்து நிற்க, மேற்குழாய் சடுதியிற் சூடேறும், தேர்மோஸ்ரற் திறந்துவிட்டது. குறைந்ததை நிரப்பி மூடுங்கள். மூடியின் இறப்பர் வளையம் வெடித்திருந்தால் இவ்வளவு பாடும் வீண். புதிய மூடி ஒன்றின் விலையைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

றேடியேற்றரின் வெளிமுகத்தையும் விட்டுவிடாதீர்கள். கடற்கரையில் ஓடும் லொறியின் தகடுகளுக்கிடையே மணலும் பூச்சியும் உப்புத் தூசும் அடைந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, தகடு வளையாத மெல்லிய நீரோட்டத்தில் கழுவ வேண்டும்.

இவ்வாறு செய்தபின் பழைய முறைக் கூலன்றை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினாற் போதும். ஆனால் அந்த இரண்டு வருடத்திலும் குறைவதை நிரப்பும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது. வழியில் எங்கோ ஒரு கிணற்றில் ஒரு வாளி அள்ளினால் உப்பளம் மறுபடி திறந்துவிட்டது. அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்குமானால் நீர் எங்கோ போகிறது. அந்த வழியைக் கண்டுபிடியாமல் ஊற்றிக்கொண்டேயிருப்பது ஓட்டைப் பானைக்கு நீர் இறைப்பது.

மாமாவின் பெட்போர்ட் எஞ்சின் மாற்றிய பிறகு பல ஆண்டு ஓடியது. காப்பு ஒன்றை இழந்த மாமி, அந்த மாரியிலேயே கூரைப் பீலியின் கீழ் பரல் வைத்து மழை நீர் பிடித்து, இரண்டு கான்களில் அடைத்து, சுண்ணாம்பால் ‘லொறி’ என்று எழுதி ஆசனத்தின் பின்னே வைத்துவிட்டார். ஒரு கோடையில் வீட்டுக் கிணறு உவர்த்துத் தேநீர் வாயில் வைக்க முடியாமற் போனபோது, அந்தக் கானில் ஒரு கோப்பை எடுத்தால் என்ன என்று மாமா கேட்டுப் பார்த்தார்.

“எடுக்கலாம். முதல்ல மற்றக் காப்பை மீட்டுக்கொண்டு வாங்கோ” என்றார் மாமி.